அடைபட்ட ஜன்னலும் தேய்த்த கல்லும்

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆள் குள்ளம், வாய் காரம். அதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் அச்சுக்கூடத்தில் அவள் கடுகுதான். முதலாளியம்மா மட்டும் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட மாட்டாள், முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவாள். அதுவும் கடுகுக்குத் தெரியும்.

அங்கே புத்தகமோ நோட்டீஸோ அடிப்பதில்லை. ஓவியர்கள் வந்து கல்லில் படம் வரைவார்கள். அதைத் தாளில் எடுத்துக் கொடுப்பது கடுகின் வேலை. கல் என்றால் மேஜைப் பலகை அகலத்துக்கு, வழவழவென்று, பழுப்பு வெள்ளையாக இருக்கும். அதன்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கறுப்புப் பென்சிலால் வரைந்து, கோந்தும் அமிலமும் கலந்து பூசிக் காயவிட வேண்டும். பிறகு கல்லை ஈரப்படுத்தி மை உருளையை ஓட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பிடித்துக்கொள்ளும், வரையாத இடம் ஈரத்தை வைத்துக்கொண்டு மையைத் தள்ளிவிடும். மேலே தாளைப் போட்டு அழுத்தினால் படம். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். ஆனால் எவனாவது பிசுக்குக் கையை ஒரு மூலையில் வைத்துவிட்டால் அந்த விரல்கூடப் படத்தில் வந்து நிற்கும். கடுகின் சுபாவத்துக்கு ஏற்ற கல்தான். பட்டதை மறக்காது.

இரண்டு விஷயத்துக்காக அவள் வருகிறவர் போகிறவரையெல்லாம் திட்டுவாள். ஒன்று, இடம் வலம். கல்லில் வரைந்தது தாளில் திரும்பித்தான் விழும், கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரி. பெரிய பெரிய ஓவியர்களெல்லாம் இதை மறந்துவிட்டு, தங்கள் கையெழுத்தே திரும்பி நிற்பதைப் பார்த்து முழிப்பார்கள். சோற்றுக்கை எது என்று வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வரக்கூடாதா என்பாள் கடுகு. அவர்கள் சிரித்து மழுப்புவார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

இன்னொன்று, நிழல். ஒரு படத்துக்கு வேண்டிய தாள்களை எடுத்து முடித்ததும் கல்லைத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். கல்மேல் கல்லைப் போட்டு, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டு, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். அது நெட்டையின் வேலை. நெட்டை என்பவன் நிலைப்படியில் குனிந்து வரவேண்டிய உயரம், மனசு மட்டும் கோழிக்குஞ்சு. தேய்ப்பில் கொஞ்சம் அசந்தால் போச்சு, பழைய படத்தின் நிழல் கல்லுக்குள்ளேயே இருந்துகொண்டு புதுப் படத்தில் எட்டிப் பார்க்கும். அப்படித்தான் ஒருவர் பறவை ஒன்றை வரைய, அதன் வயிற்றிலிருந்து யாரோ முன்பு வரைந்த நாற்காலியின் கால் வெளியே வந்துவிட்டது. அன்றைக்குக் கடுகு போட்ட போட்டில் நெட்டை இரண்டு சாண் குறைந்துபோனான்.

"இனிமே கல்லுல கொசு உக்காந்துட்டுப் போன தடம் தெரிஞ்சாக்கூட மறுபடியும் தேய்க்கணும். என்கிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்காத, தேய்" என்றாள். நெட்டை தலையாட்டினான். அவன் தலையாட்டினால் ஆட்டினதுதான்.

இது தொழில் கதை. வீட்டுக் கதை வேறு, அதில்தான் நெருப்பு.

அப்பா போன பிறகு வீடு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி அண்ணனுக்கு, ஒரு பாதி அவளுக்கு. நடுவில் கை வீசி நடக்கிற அளவுக்கு ஒரு சந்து, அது அண்ணன் பங்கு. படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா கடுகின் பங்கு. அப்படித்தான் அண்ணி சிரித்துக்கொண்டே சொன்னாள். கடுகைக் கட்டியவன் அவள் வாய்க்குப் பயந்து ஓடிப்போனான் என்பதும் அண்ணி சொல்லிப் பரப்பியதுதான். அவன் ஓடியது இன்னொருத்தியோடு. அதைச் சொன்னால் கதையில் சுவை குறைந்துவிடும் அல்லவா, அதனால் அண்ணி அந்தப் பாதியை விட்டுவிடுவாள்.

அம்மா படுத்திருந்த அறைக்கு ஒரே ஜன்னல், அந்தச் சந்தைப் பார்த்தது. காலை நேரம் முழுக்க அறை சாம்பல் நிறத்தில் கிடக்கும். வெயில் கூரைக்கு மேல் ஏறியதும் சந்துக்குள் இறங்கி, ஜன்னல் வழியாக உள்ளே வரும். முதலில் அம்மாவின் கால்மாட்டுச் சுவரில் அகலமாக விழும். அப்புறம் மெல்ல நகர்ந்து, மெலிந்து, தலைமாட்டு அலமாரிக் கதவில் ஒரு கோடாகி, போய்விடும். அம்மாவுக்கு நாள் என்பது அவ்வளவுதான். "வந்துட்டானா?" என்று கண்ணை மூடிக்கொண்டே கேட்பாள், ஏதோ ஊருக்குப் போன மகனைக் கேட்கிற மாதிரி. வந்துட்டான் என்று கடுகு சொன்னதும் கண்ணைத் திறப்பாள். வேலைக்கு லீவு போட்ட நாளெல்லாம் கடுகும் கட்டிலோரம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். மற்ற நாளில் காலையில் அண்ணன் வந்து மதியம் வரை உட்காருவான். வந்தால் பேப்பரில் தலையை விட்டுக்கொள்வான், அம்மா கேட்டால் உம் கொட்டுவான். பெற்ற கடனுக்கு வந்து போகிறான் என்றுதான் கடுகு நினைத்தாள்.

அம்மா போனாள். அழுத ஈரம் காய்வதற்குள் அண்ணன் மாடி எடுக்க ஆரம்பித்தான். மாடிக்குப் படி வேண்டுமே. படி சந்தில் வந்தது. படிக்கு ஒரு சுவர், அந்தச் சுவர் ஜன்னலை ஒட்டி எழுந்தது. கடுகு கத்தினாள், தெருவே கூடியது. அளக்கிற அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து நாடாவை இழுத்துப் பார்த்து, சந்து அவருடையது, கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் எழுதினவன் ஜன்னல் இல்லாத அறையில் ஒருநாளாவது படுத்துப் பார்த்திருக்க மாட்டான். ஒரே வாரத்தில் ஜன்னலுக்கு வெளியே வெறும் செங்கல். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் மூக்கில் சிமெண்ட் வாசனை அடித்தது.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அண்ணன் வந்து, ரொம்பப் பரிவோடு, "அதுக்கு ஏன் பாப்பா இவ்வளவு ஆத்திரப்படற? நான் ஒரு டியூப் லைட் போட்டுத் தரேன்" என்றான் பாருங்கள், அதுதான் பொறுக்கவில்லை.

டியூப் லைட்! சோறு வடிக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, உருளையைப் பிடித்து மை தடவும்போது அந்தச் சொல் உள்ளே கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு சமாதானம்தான் இருந்தது அவளுக்கு. அவனுக்கு என்ன தெரியும்? அந்தச் சுவரை அவன் ஒருநாள் நிமிர்ந்து பார்த்திருப்பானா? எதை அடைத்தோம் என்றே தெரியாத மடையனோடு என்னத்தைச் சண்டை போடுவது? தெரியாதவனுக்குத் தெரிய வைக்க வேண்டும். புது மாடியைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்கு அண்ணன் ஒரு நாள் குறித்திருந்தான், அவளையும் கூப்பிட்டிருந்தான். அன்றைக்கு அவன் கையில் ஒரு படத்தைக் கொடுத்து, படிக்கட்டுச் சுவரில், சரியாகத் தன் ஜன்னலுக்கு நேர் எதிரே, அதை மாட்ட வைப்பது என்று முடிவு கட்டினாள். ஏறும்போதும் இறங்கும்போதும் அவன் அதைப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து அவனுக்கு உறைக்க வேண்டும். அன்பளிப்பு மாதிரி இருக்கும், ஆனால் கன்னத்தில் விழுகிற அறை.

பழகிப் பார்க்கிறேன் என்று சொல்லி முதலாளியம்மாவிடம் ஒரு கல்லைக் கேட்டு வாங்கினாள். ஊரார் படத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்த கை, தனக்கென்று ஒரு கோடு போட்டதில்லை. தினமும் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். கட்டில் வரையவில்லை, அம்மாவை வரையவில்லை, ஜன்னலைக்கூட வரையவில்லை. வெளிச்சத்தை எந்தப் பென்சிலாலும் வரைய முடியாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். தாளில் வெள்ளையாக நிற்பது கை படாத கல்தான். சுற்றியிருக்கிற இருட்டை மட்டும் வரைந்து, நடுவில் வெளிச்சத்துக்கு இடம் விட வேண்டும். அவள் சாம்பலுக்கு மேல் சாம்பலாக, பென்சிலை அழுத்தாமல், ஊதினால் போய்விடும் என்கிற மாதிரி தடவிக்கொண்டே போனாள். ஒரு பக்கம் அகலமாகத் தொடங்கி மறுபக்கம் மெலிந்து முடிகிற ஒரு சாய்ந்த வெள்ளை மட்டும் மிஞ்சியது. மற்றபடி அதில் ஒன்றுமே இல்லை. வெறும் இடம்.

சோதனைக்கு ஒரு தாள் எடுத்தாள். தாளை உரித்துத் தூக்கியதும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அறை. அந்தச் சுவரின் குளிர்ச்சி, காத்திருக்கிற காலை நேரம், எல்லாம் இருந்தது. ஏதோ ஒன்று மட்டும் இலேசாக உறுத்தியது. முதல் தாளில் ஏதாவது உறுத்தத்தான் செய்யும் என்று விட்டுவிட்டாள். கல்லில் இருந்த மையை டர்பன்டைன் விட்டுத் துடைத்து, கோந்து பூசி, கற்களை அடுக்கும் தாங்கியில் சாய்த்து வைத்தாள். இப்படித் துடைத்தால் படம் அழியாது, கண்ணுக்கு மட்டும் இலேசான நிழலாக மங்கிவிடும். வேலையில் இருக்கிற கல்லுக்குப் பக்கவாட்டில் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவது அங்கே வழக்கம். குறி போட்டால் இது யாருடைய படம், என்ன படம் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அதனால் போடவில்லை. மறுநாள் அச்சுக்கூடத்துக்கு விடுமுறை, கல்லைத் தொட யாரும் வரப்போவதில்லை என்று நினைத்தாள். நெட்டைக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது, விடுமுறையிலும் வந்து கல் தேய்ப்பான் என்பதை மறந்துபோனாள்.

விடுமுறை கழிந்த அடுத்த நாள் அவள் உள்ளே நுழையும்போதே நெட்டை பல்லைக் காட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, தாங்கியில ஒரு கல்லுல நிழல் இருந்துச்சு. நல்லா உத்துப் பாத்தாத்தான் தெரியுது, லேசா அழுக்கு மாதிரி. நீங்க சொன்னபடி மறுபடியும் தேய்ச்சுட்டேன். இப்ப வந்து பாருங்க, பாலாட்டம் இருக்கு."

கல் பாலாட்டம்தான் இருந்தது.

அப்புறம் அவள் பேசியதையெல்லாம் எழுத முடியாது. அவன் உயரம், அவன் கண், அவனைப் பெற்றவர்கள், அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவள் என்று யாரும் மிச்சமில்லை. அச்சுக்கூடம் மொத்தமும் வேலையை நிறுத்தியது. முதலாளியம்மா தன் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள். நெட்டை மணல் ஒட்டிய கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் மெதுவாகச் சொன்னான்.

"குறி இல்லக்கா. கேட்டுக்கிட்டு நிக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், குள்ளமான பெண்களும் அப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் குற்றம் தன்னுடையது என்று தெரிந்துவிட்டால் கோபம் அடங்கிவிடும் என்று யார் சொன்னது? அது இரண்டு மடங்காயிற்று. புதிதாக வரைய நேரமில்லை. சோதனைத் தாளையே சட்டம் போடுகிற கடையில் கொடுத்து, கண்ணாடி மாட்டி வாங்கிக்கொண்டு, குறித்த நாளில் அண்ணன் வீட்டுப் படியேறினாள்.

புது மாடி பெயிண்ட் வாசனையோடு இருந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு, காற்று எப்படி வருகிறது, வெளிச்சம் எப்படி வருகிறது என்று புகழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் கடுகு பல்லைக் கடித்தாள். படத்தை எடுத்துக் கொடுத்ததும் அண்ணி வாங்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, நன்றாக இருக்கிறது, மேகமா என்று கேட்டாள். மச்சான் முறைக்காரர் ஒருவர் எக்ஸ்ரே மாதிரி இருக்கிறதே, யாருக்கு உடம்பு சரியில்லை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடுகும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். தெரியாதவர்கள் சிரிக்கட்டும், அண்ணனும் சிரிக்கட்டும், அதற்கப்புறம் சொல்லலாம், எது என்று. எல்லோர் முன்னாலும் சொல்லலாம். அவள் வாயில் எல்லாம் தயாராக இருந்தது.

அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அம்மா ரூம்" என்றான்.

எது என்று காட்ட நீட்டிய விரலைக் கடுகு மடக்கிக்கொண்டாள்.

"ஆனா திருப்பிப் போட்டிருக்க, பாப்பா" என்று அவன் படத்தின்மேல் விரலை ஓட்டினான். "கால்மாடு வலது பக்கம் இல்ல? அங்கதானே மொதல்ல அகலமா விழும். அலமாரிப் பக்கம் வர்றப்போ மெலிஞ்சு போயிடும். நீ அலமாரியில கொண்டுபோய் அகலத்தை வச்சிருக்க."

அவன் சொன்னது சரி. அன்றைக்கு உறுத்தியது அதுதான். ஊருக்கெல்லாம் இடம் வலம் பாடம் நடத்தினவள், ஆத்திரத்தில் நினைவில் இருந்ததை அப்படியே கல்லில் வரைந்துவிட்டாள், தாளில் அது திரும்பி விழுந்துவிட்டது. முதலில் அந்த வெட்கம்தான் அவள் முகத்தில் ஏறியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்று ஏறி வந்தது. பேப்பருக்கு மேலே இவன் கண் இருந்திருக்கிறது. வந்து உட்கார்ந்த நாளெல்லாம் அம்மாவோடு சேர்ந்து இவனும் பார்த்திருக்கிறான். எந்தப் பக்கம் அகலம், எந்தப் பக்கம் மெலிவு என்று தன்னைவிடத் துல்லியமாக வைத்திருக்கிறான்.

"அப்ப தெரிஞ்சேதான் அடைச்சியா?"

அண்ணன் மறைக்கவில்லை. அவனுக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. "தெரியாம என்ன? நானும் எத்தனை நாள் உக்காந்து பாத்திருக்கேன். அதுக்காகப் படி கட்டாம இருக்க முடியுமா, பாப்பா?" என்றான். அவன் குரலில் அன்புகூட இருந்தது. அதுதான் கொடுமை.

"குடு" என்று கையை நீட்டினாள். கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறாளே என்று அண்ணி வாய்விட்டே சொன்னாள். கடுகு யாரையும் பார்க்கவில்லை. படத்தை அண்ணன் கையிலிருந்து வாங்கி, இடுக்கிக்கொண்டு, அந்தப் படியில், அந்தச் சுவரை ஒட்டி, இறங்கிப் போனாள்.

அன்று முழுக்க அவள் தன்னையே தின்றாள். தெரியாமல் அழித்தவனை நாலு பேர் நடுவில் நார் நாராகக் கிழித்தாயிற்று. தெரிந்தே அடைத்தவனுக்குச் சட்டம் போட்டு அன்பளிப்பு கொண்டுபோயாயிற்று. புத்தி இருக்கிறவள் செய்கிற காரியமா இது? மடையன் என்று நினைத்து அவனுக்காக எவ்வளவு இடம் விட்டுவைத்திருந்தாள். அந்த இடத்தில் இப்போது எதை வைப்பது?

மறுநாள் நெட்டை தேய்ப்பு மேடையில் குனிந்தவன் நிமிரவில்லை. பக்கத்தில் போய் நின்றாள்.

"நெட்டை, நீ தேய்ச்சது நல்லதாப் போச்சு. அந்தப் படம் தப்பு. இடம் வலம் மாறிப் போச்சு."

அவன் நம்பவில்லை. புதிதாக ஒரு திட்டுக்கு இது முன்னுரை என்று நினைத்தவனாய்ப் பின்னால் நகர்ந்தான். மன்னிப்பு என்ற சொல் அவளுக்குப் பழக்கமில்லை. அந்தப் பாலாட்டமான கல்லின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை அவன் பிடித்தான், இரண்டு பேருமாகத் தூக்கி அவள் மேஜையில் வைத்தார்கள். பக்கவாட்டில் கையளவுக்கு ஒரு பெருக்கல் குறி போட்டாள். இது யாருடைய படம் என்று முதலாளியம்மா கேட்டதற்கு, என்னுடையது என்றாள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

தப்பான தாளைச் சட்டத்திலிருந்து கழற்றி எதிரே சாய்த்து வைத்துக்கொண்டாள். திரும்பி விழுந்த படத்தைப் பார்த்து அப்படியே கல்லில் வரைந்தால், தாளில் சரியாக விழும். இந்த முறை அவசரமில்லை, அறைய வேண்டிய கன்னமும் இல்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது, ஆனால் கையை நடுக்காமல் ஓரமாக உட்கார்ந்திருந்தது. முடிந்ததும் நல்ல தாளில் ஒன்றே ஒன்று எடுத்தாள். வலது பக்கம் அகலம், இடது பக்கம் மெலிவு. காய வைத்துவிட்டு நெட்டையைக் கூப்பிட்டாள்.

"தேய்ச்சுடு."

நெட்டை கல்லைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குறியைப் பார்த்தான். நிஜமாகவா என்று கேட்டான். கொஞ்சம் தள்ளிப் போய், திரும்பி வந்து இன்னொரு முறை கேட்டான். நிழல்கூட இருக்கக் கூடாது என்று அவள் சொன்ன பிறகுதான் மணலை எடுத்தான். அவன் தேய்த்து முடிக்கும்வரை கடுகு பக்கத்திலேயே நின்று தண்ணீர் ஊற்றினாள்.

படத்தைத் தன் வீட்டில், அம்மா அறையில், செங்கல் தெரிகிற ஜன்னல் கம்பியின்மேல் மாட்டினாள். சில நாள் கழித்து அண்ணன் வந்தான். அம்மா போன பிறகு அவன் அந்த அறைக்குள் காலெடுத்து வைப்பது அதுதான் முதல் முறை. கதவருகே நின்றவன் படத்தைக் கண்டதும் உள்ளே வந்து, கட்டில் இருந்த இடத்தோரமாக, முன்பு தன் நாற்காலி கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டான். ரொம்ப நேரம் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தான்.

"இப்ப சரியா இருக்கு" என்றான். "எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு, பாப்பா."

"கல்லைத் தேய்ச்சாச்சு, அண்ணே."

"இன்னொரு தடவை வரைய முடியாதா?"

"முடியும்" என்றாள் கடுகு. கம்பியில் சாய்ந்திருந்த படத்தை நேராக்கினாள்.

அண்ணன் அங்கேயே நின்றான். படத்துக்குப் பின்னால், செங்கலுக்கு அந்தப் பக்கம், அவன் வீட்டில் யாரோ படியேறிப் போகிற சத்தம் கேட்டது.